நாலு பேர் என்று நினைத்த இடத்தில் 15 பேர்

"நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்ற கேள்வியைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த நாலு பேர் யார் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவர்களுக்காகச் சட்டை மாற்றினோம், குரலைத் தாழ்த்தினோம், சில ஆசைகளை வெளியே சொல்லாமலே விட்டோம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1902-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம். பார்த்தவர்கள் நம்மை எப்படி எடைபோடுவார்கள் என்பதையும் நாமே கற்பனை செய்கிறோம். அதிலிருந்து பெருமையோ வெட்கமோ பிறக்கிறது. 'நான் இப்படிப்பட்டவன்', 'நான் இப்படிப்பட்டவள்' என்ற உணர்வு பிறர் என்ற இந்தக் கண்ணாடியில்தான் உருவாகிறது என்றார் கூலி. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 'கற்பனை' என்ற சொல். மற்றவர் மனதில் ஓடுவது நமக்குச் சரியாகத் தெரியாது. தெரியாததால், நம்மைப் பற்றிக் கொஞ்சம் நல்லபடியாக நினைத்துக்கொள்ளவும் இடம் இருந்தது.

2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது. அதுவரை கற்பனையில் மட்டும் இருந்த தீர்ப்புக்கு ஓர் எண் கிடைத்தது. அந்த எண்ணை நாம் மட்டும் பார்ப்பதில்லை, எல்லோரும் பார்க்கிறார்கள்.

அந்த எண் என்ன செய்கிறது என்பதைக் காட்டும் ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயது வரையிலான 32 பேரை மூளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற ஒரு பக்கத்தில் படங்களைக் காட்டினார்கள். சில படங்கள் அவர்களே கொண்டுவந்தவை. எந்தப் படத்துக்கு எத்தனை லைக் என்பதை ஆய்வாளர்களே முடிவு செய்திருந்தார்கள்; பார்த்தவர்களுக்கு அது தெரியாது. தங்கள் படத்துக்கு லைக் குவிந்திருந்தபோது, வெகுமதி கிடைத்தால் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. இது எதிர்பார்த்ததுதான். இன்னொரு விஷயம் எனக்கு அதிகம் உறைத்தது. அதே படத்தைப் பாதிப் பேருக்கு நிறைய லைக்குடனும் மீதிப் பேருக்குக் குறைந்த லைக்குடனும் காட்டினார்கள். நிறைய லைக் இருந்தபோது அதற்கு லைக் போட்டவர்கள் அதிகம். எது பிடிக்கிறது என்ற மிகச் சொந்தமான முடிவில்கூட அந்த எண் கைவைக்கிறது.

சரி, இது பார்ப்பவர் பக்கம். வெளியிடுபவருக்கு என்ன நடக்கிறது?

2008-இல் ஏமி கன்சாலஸ், ஜெஃப்ரி ஹான்காக் என்ற ஆய்வாளர்கள் இருவர் செய்த சோதனை எளிமையானது. கலகலப்பாகப் பழகுபவர் போலப் பதில் எழுதுங்கள் என்று சிலரிடமும், கூச்ச சுபாவம் உள்ளவர் போல எழுதுங்கள் என்று வேறு சிலரிடமும் சொன்னார்கள். பாதிப் பேர் எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஒரு வலைப்பூவில் போட்டார்கள். மீதிப் பேர் எழுதியது ஒரு தனிக் கோப்பில் இருந்தது. அப்புறம் எல்லோரிடமும், நீங்கள் உண்மையில் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். ஊரறிய எழுதியவர்கள், தாங்கள் நடித்த அந்தக் குணத்தின் பக்கமாகவே தங்களை மதிப்பிட்டார்கள். தனியாக எழுதியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. எழுதியது ஒன்றேதான், பிறர் பார்க்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. 'ஆன்லைனில் இருக்கும் நான் வேறு, நிஜத்தில் நான் வேறு' என்று பலரும் நம்பிக்கையோடு சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் இந்தச் சோதனைதான் என் நினைவுக்கு வருகிறது.

இதையும் லைக்கையும் சேர்த்துப் பாருங்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,331 ட்விட்டர் பயனர்களின் 1.27 கோடி பதிவுகளை அலசி 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். அறச்சீற்றத்தைக் கொட்டி எழுதிய பதிவுக்கு லைக்கும் பகிர்வும் கூடுதலாகக் கிடைத்தவர்கள், பின்னர் இன்னும் அதிகமாகச் சீறினார்கள். அரசியலில் தீவிரமானவர்கள் நிறைந்த வட்டங்களில் சீற்றம் ஏற்கெனவே அதிகம். ஆனால் லைக்குக்கு ஏற்ப அதிகம் மாறியவர்கள் மிதமான வட்டங்களில் இருந்தவர்கள். 'நான் கோபக்காரன் இல்லை' என்று நினைப்பவரைக்கூட லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடுகிறது.

இனி அந்த நாலு பேர். அம்மாவிடம் பேசும் நான், மேலாளரிடம் பேசும் நான், பள்ளி நண்பனிடம் பேசும் நான் என்று நமக்குள் பலர் இருக்கிறார்கள். இது போலித்தனம் இல்லை, உறவுக்குத் தரும் மரியாதை. சமூக ஊடகத்தில் இவர்கள் அனைவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே முகத்தைத் தேடும்போது நம்மிடம் உள்ள பல முகங்கள் சுருங்கிப்போகின்றன. கூடத்தின் அளவும் நமக்குத் தெரிவதில்லை. 2013-இல் ஸ்டான்ஃபோர்டு, ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் சேர்ந்து பார்த்தபோது, தங்கள் பதிவைப் பார்த்தவர்களில் சுமார் 27 சதவீதம் பேரைத்தான் மக்கள் கணக்கில் வைத்திருந்தார்கள். நாலு பேர் என்று நினைத்த இடத்தில் 15 பேர்.

ஆனால் இந்தக் கூட்டத்தால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். லேசாகப் பழகியவர்கள் நமக்குத் தெரியாத உலகங்களில் இருப்பவர்கள் என்பதால், புதிய வேலையும் செய்தியும் பெரும்பாலும் அவர்கள் வழியே வருகின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே காட்டினார். அந்த மெல்லிய இழைகள் அறுந்துபோகாமல் வைத்திருப்பதில் சமூக ஊடகத்துக்கு ஈடு இல்லை. நெருக்கம் என்பது வேறு கணக்கு. மனிதர் ஒருவர் பேணக்கூடிய உறவுகள் சுமார் 150, அதிலும் உள்வட்டம் 5 பேர் அளவே என்கிறார் பரிணாம உளவியலாளர் ராபின் டன்பார். திரையிலோ அந்த ஐவரில் ஒருவரும் ஐந்நூறாவது ஆளும் ஒரே அளவுப் பெட்டியில்தான் வருகிறார்கள்.

மோய்ரா பர்க், ராபர்ட் கிராட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. பர்க் ஃபேஸ்புக்கிலேயே வேலை பார்த்தவர். ஆனாலும் முடிவு லைக் பட்டனுக்குச் சாதகமாக இல்லை. நெருங்கியவர்கள் நமக்கென்றே எழுதிய சொற்கள் வந்தபோது மனநலம் மேம்பட்டிருந்தது. ஊருக்கே போட்ட பதிவுகளைப் படித்ததிலும், ஒரே தட்டலில் வந்த லைக்கிலும் அந்தப் பலன் தென்படவில்லை. காரணம் கூலியின் கண்ணாடியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். லைக் போட்டவர் மனதில் என்ன ஓடியது என்பதை நாம்தான் கற்பனை செய்ய வேண்டும். நெருங்கியவர் எழுதிய இரண்டு வரியில் அது சொல்லாகவே வந்துவிடுகிறது.