கையெழுத்து வாங்கிவிட்டால் பனி வழிக்கத் தேவையில்லையா?

இந்தப் பனிக்காலத்தில் இது எனக்கு மூன்றாவது வழக்குக் கோப்பு. நிலக்கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்மணி பக்கவாசல் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரரோ என் மேசையில் ஒப்பந்தத்தை விரித்து, பனி வழிப்பது வாடகைக்காரரின் பொறுப்பு என்ற வரியின்மேல் விரலை வைத்து, "அவ கையெழுத்து வைச்சிருக்கிறா தானே, தம்பி" என்கிறார்.

அந்த வரி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டுக்காரரான உங்களைக் காப்பாற்றாது. ஒட்டாவாவில் நிலக்கீழ் வீடொன்றில் குடியிருந்த பெண் விழுந்த வழக்கில், மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இலேயே இதைத் தீர்த்துவிட்டது. நடைவழியைப் பாதுகாப்பாக வைத்திருப்பது வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக எழுதி அதை வாடகைக்காரரின் தலையில் கட்ட முடியாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழில் எழுதினாலும், இரண்டு சாட்சிகள் ஒப்பமிட்டாலும் முடியாது. அவரே வழிக்க வேண்டுமானால், அது வாடகையோடு கலவாத தனி உடன்பாடாக, அந்த வேலைக்கென்று ஒரு கொடுப்பனவோடு இருக்க வேண்டும். "வாடகையில் ஐம்பது டொலர் குறைத்துத்தானே விட்டேன்" என்று வாயால் சொல்வதை வைத்துக்கொண்டு நான் நீதிமன்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்கு முன்னாலுள்ள நடைபாதை வேறு விடயம். அது நகரசபையின் சொத்து; அதை வழிக்காமல் விட்டதற்காக மட்டும் விழுந்தவருக்கு நீங்கள் நட்டஈடு கொடுக்க வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் 2000இல் வோன் நகர வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. விழுந்தவர் பத்து நாட்களுக்குள் நகரசபைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்போதும் பாரதூரமான கவனயீனம் இருந்தால்தான் நகரசபை பொறுப்பேற்கும். ஆனால் உங்கள் கூரைப் பீலித் தண்ணீர் நடைபாதைக்கு ஓடி உறைந்திருந்தால் கதை மாறிவிடும். தவிர, வழிக்காததற்கு நகரசபை விதிக்கும் தண்டப்பணம் வேறு, விழுந்தவருக்கான நட்டஈடு வேறு. ரொறன்ரோவில் நகரசபை இயந்திரம் வராத நடைபாதைகளைப் பனி நின்று 12 மணித்தியாலத்துக்குள் நீங்களே துப்புரவாக்க வேண்டும். அள்ளிய பனியைத் தெருவில் தள்ளாதீர்கள்.

பக்கவாசலுக்குத் தனியாக விளக்குப் போடுங்கள். கடுங்குளிரில் சாதாரண உப்பு வேலை செய்யாது, மணலையும் சேர்த்துத் தூவுங்கள். தூவிய நேரத்தைக் குறித்துக் கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஆளை அமர்த்தினால் அவருடைய காப்புறுதிச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 2021 ஜனவரி 29 முதல், தனியார் வளவில் பனியால் காயப்பட்டவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் தர வேண்டும்; அப்படியொரு கடிதம் வந்தால், தயவுசெய்து லாச்சிக்குள் போடாமல் அன்றைக்கே காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

மேலே சொன்ன படியில் அன்று புதுப்பனி இருக்கவில்லை. மேலேயிருந்த பீலியின் வெடிப்பால் பகலில் சொட்டிய தண்ணீர் இரவில் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன், பீலியை வீட்டுக்காரர் இன்னும் மாற்றவில்லை.