'சூனியக்காரி' என்று சொன்னதற்கு வழக்கு

அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறியிருந்த மாசசூசெட்ஸ் காலனியில் அன்று சூனியம் வைத்தால் மரண தண்டனை. 1641-இல் இயற்றிய சட்டத் தொகுப்பிலேயே அது இருந்தது. ஆகவே ஒரு பெண்ணைச் 'சூனியக்காரி' என்று ஊரில் சொல்லித் திரிவது வெறும் வசவு இல்லை. பேச்சு முற்றினால் அவள் உயிரே போகலாம். பேச்சு அவ்வளவு தூரம் போகும் முன்பே அதைத் தடுக்க அன்றைய மக்கள் நாடிய வழி, அவதூறு வழக்கு.

அந்தக் காலனியின் நார்தாம்ப்டன் 1654-இல்தான் ஊராக உருவானது. அங்கே குடியேறிய ஜோசப் பார்சன்ஸ் வசதியான வியாபாரி. அவர் மனைவி மேரி. அதே ஊர்க்காரியான சாரா பிரிட்ஜ்மன் பெற்ற ஆண் குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனது. மேரியின் வேலைதான் இது என்று சாரா சந்தேகப்பட்டாள். பேச்சு ஊரெங்கும் பரவியதும், 1656-இல் ஜோசப் வழக்குப் போட்டார். பழி மேரி மேல்தான். ஆனால் மணமான பெண் தனியாக வழக்காட அன்றைய ஆங்கிலச் சட்டம் இடம் தரவில்லை.

அந்தச் சட்டப்படி, வாயால் பேசியதற்கு நஷ்ட ஈடு கேட்பவர், அந்தப் பேச்சால் தனக்கு என்ன இழப்பு வந்தது என்று பொதுவாக நிரூபிக்க வேண்டும். தண்டனைக்குரிய குற்றம் செய்ததாகவோ, தொற்றுநோய் இருப்பதாகவோ சொன்னால் அது தேவையில்லை. தொழிலுக்கே லாயக்கற்றவர் என்ற பேச்சும் அப்படித்தான். சூனியப் பழி முதல் வகை. ஆனால் சொன்னது உண்மை என்று காட்டினால் எதிர்த்தரப்பு தப்பிவிடும். இங்கேதான் வழக்குப் போட்டவருக்கே ஆபத்து: சாரா தப்ப வேண்டுமானால் மேரி சூனியக்காரிதான் என்று சாட்சி சேர்க்க வேண்டும்.

சாட்சிகள் வந்தார்கள். நூல் நூற்றதில் மேரியோடு வந்த மனத்தாங்கலுக்குப் பிறகு பசு செத்தது என்றார்கள். எருதைப் பாம்பு கடித்தது என்றார்கள். மாடு தேடிப்போன சாராவின் மகனுக்கு முழங்கால் பிசகியிருந்தது. அதைச் சரிசெய்தபோது வலியில் அவன் மேரியின் பெயரைச் சொல்லி அலறினான். இவற்றுக்கு நேர் எதிராக, குழந்தை பிறந்ததுமே நோயாளியாகத்தான் இருந்தது என்று கூட இருந்த பெண்கள் சொன்னார்கள். வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தச் சாட்சியம்தான். புறம்பேச்சில் இடமே கிடைக்காத ஒரு சாதாரண விளக்கம் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணத்தோடு பதிவானது.

அதே காலனியின் கேம்பிரிட்ஜில் கூடிய நீதிமன்றம், தகுந்த ஆதாரமில்லாமல் சாரா பழி சுமத்தியதாகத் தீர்ப்பளித்தது. நார்தாம்ப்டன், ஸ்பிரிங்ஃபீல்டு இரண்டு ஊர்களிலும் எல்லோரும் கேட்கத் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் 10 பவுண்டு கட்ட வேண்டும். பழிச்சொல் பரவிய ஊர்களிலேயே அதைத் திரும்பப் பெற வைப்பதுதான் இந்தத் தண்டனையின் நோக்கம். பணமும் செல்வாக்கும் இருந்த குடும்பத்துக்குத்தான் இப்படி முந்திக்கொண்டு வழக்காடும் தெம்பு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனாலும் பேச்சு ஓயவில்லை. 1674-இல் சாராவின் மகள் இளவயதில் இறந்தபோது பழி மறுபடி மேரி மேல் விழுந்தது. இம்முறை நடந்தது அவதூறு வழக்கு அல்ல, சூனிய வழக்கே. சூனியக்காரியின் உடலில் இருக்கும் என்று அன்று நம்பிய குறியைத் தேடிப் பெண்கள் மேரியைச் சோதித்தார்கள். பாஸ்டன் சிறையில் அடைத்தார்கள். 1675 மே மாதம் ஜூரிகள் அவளைக் குற்றமற்றவள் என்று விடுவித்தார்கள். 1702-இல் அவள் பேரனிடம், 'உன் பாட்டி ஆட்களைக் கொன்றவள்' என்று சொன்ன ஓர் அடிமைப் பெண்ணுக்குச் சாட்டையடி விதித்தார்கள்.