கிளையில் தொங்கும் தேனீக்கள் எப்படி வீடு பார்க்கின்றன?

ஸ்காட்லாந்தின் பிளேர்கவுரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “ஜூன் மாதம் எங்கள் தோட்டத்து ஆப்பிள் கிளையில் தேனீக்கள் கொத்தாகத் தொங்கின. மறுநாள் மதியம் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன. ராணி உத்தரவு போட்டதா?”

இல்லை. வீடு பார்க்கிற வேலையில் ராணிக்குப் பங்கே கிடையாது.

ஏன் ஜூன்? வில்லோ மரங்களின் மகரந்தத்தில் தொடங்கும் அந்த ஊர் வசந்தம், மே மாதம் ஸ்ட்ராத்மோர் சமவெளியின் மஞ்சள் ரேப்சீட் (கடுகு இனத்து எண்ணெய்ப் பயிர்) வயல்களில் உச்சத்தைத் தொடும். தீனி கொட்டிக் கிடக்கும், பெட்டியில் இடம் போதாது. புது ராணி வளர்ந்துகொண்டிருக்க, பழைய ராணி பாதிக்கு மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களோடு வெளியேறும். பள்ளியில் படித்ததுதான். வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டுக் கிளம்புவதால் அவை பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். பிரிட்டனில் அந்தக் காலத்தில் பாத்திரங்களைத் தட்டி ஓசை எழுப்பிக் கூட்டத்தை இறக்குவார்களாம். தட்டாவிட்டாலும் பக்கத்தில்தான் இறங்கியிருக்கும்; பெயர் பாத்திரத்துக்குப் போனது.

1949இல், போர் சிதைத்த ஜெர்மனியின் ம்யூனிக்கில், தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டாவர் இப்படித் தொங்கிய ஒரு கூட்டத்தின் மேல் சில தேனீக்கள், தீனி இருக்கும் இடத்தைச் சொல்ல ஆடும் அதே நடனத்தை ஆடுவதைக் கவனித்தார். மகரந்தம் கொண்டுவந்தவை போல இல்லை. ஒன்றின் மேல் கரி, இன்னொன்றின் மேல் செங்கல் தூள். புகைபோக்கிக்குள்ளும் இடிபாடுகளுக்குள்ளும் புகுந்து வீடு தேடிவிட்டு வந்த வேவுத் தேனீக்கள் அவை. அழுக்குத் தேனீ எங்கே போய் வருகிறது என்று பார்க்கப் பணம் வேண்டுமென இன்று விண்ணப்பித்தால், எந்தக் குழு கையெழுத்துப் போடும்?

அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் சீலி இதைத் தொடர்ந்தார். கூட்டத்தில் வேவு பார்ப்பவை சில நூறுதான். சுமார் 40 லிட்டர் கொள்ளளவு, சிறிய வாசல், தரையிலிருந்து நல்ல உயரம்: இப்படிப்பட்ட பொந்து கிடைத்தால் உற்சாகமாக ஆடும். திசையும் தூரமும் ஆட்டத்திலேயே இருக்கும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அதே தேனீ பொந்துக்குப் போய் வந்து மறுபடி ஆடும்போது, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 15 சுற்றுகளைக் குறைத்துக்கொள்ளும். நல்ல பொந்துக்கு முதலில் 90 சுற்று என்று வைத்துக்கொண்டால் 90, 75, 60, 45, 30, 15, மொத்தம் 315. சுமாரான பொந்துக்கு 30, 15. மொத்தம் 45, அவ்வளவுதான். முதல் ஆட்டத்தில் மூன்று மடங்காக இருந்த வித்தியாசம் முடிவில் ஏழு மடங்காகிவிடுகிறது. ஆட்டத்தைப் பார்த்த தேனீ அதை அப்படியே நம்புவதுமில்லை. தானே பறந்துபோய், உள்ளே நடந்து பார்த்துவிட்டுத்தான் ஆடும். எந்தத் தேனீயும் தன் கட்சியைக் கடைசிவரை பிடித்துத் தொங்காது. ஆதரவு தானாக வற்றும். தவறாகப் புகழ்ந்த பொந்தும் அதோடு மறக்கப்பட்டுவிடும். போதாக்குறைக்கு, வேறு பொந்தைப் பார்த்த தேனீக்கள் ஆடுபவற்றைத் தலையால் முட்டி ‘பீப்’ என ஒலியெழுப்பி நிறுத்தவும் செய்யும்.

ஒரு பொந்தில் ஒரே சமயத்தில் 20, 30 வேவுத் தேனீக்கள் சேர்ந்துவிட்டால் முடிவாகிவிட்டது. அவை திரும்பி வந்து மற்றவற்றை ஒலியால் உசுப்பும். எல்லாம் பறக்கும் தசைகளைச் சுமார் 35 டிகிரிக்குச் சூடேற்றிக்கொண்டு கிளம்பும். வீட்டைப் பார்த்தவை மிகச் சில. அவைதான் கூட்டத்தினூடே வேகமாகப் பறந்து வழிகாட்டும்.

போன இடத்தில் அடையைப் புதிதாகக் கட்ட வேண்டும். தீனிக்கு ஜூனில் ராஸ்பெரிப் பூ, ஜூலையில் க்ளோவரும் லைம் மரங்களும் (எலுமிச்சை அல்ல, லிண்டன்), ஆகஸ்டில் க்ளென்ஷீ மலைச்சரிவுகளில் ஊதாப் பூப் பூக்கும் ஹெதர் புதர். இடையில் ஒரு வாரம் மழை பிடித்தால் பட்டினிதான். நியூயார்க் மாநிலத்தின் இதாகா காடுகளில் சீலி கணக்கெடுத்தபோது, புதிதாகக் குடியேறிய கூட்டங்களில் சுமார் நான்கில் ஒன்றே முதல் குளிர்காலத்தைத் தாண்டியது.

ஆகவே, வாசகரே, அடுத்த முறை மருந்து அடிக்காமல், அவை கிளம்புவதற்குள் உள்ளூர்த் தேனீ வளர்ப்பவருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் பெட்டியில் பிடித்துக்கொள்வார். ஆகஸ்டில் ஹெதருக்கும் தூக்கிப்போவார். அந்தத் தேன் ஜெல்லி போல இறுகிக்கொள்ளும், தேனெடுக்க அடையை இயந்திரத்தில் சுழற்றினாலும் எளிதில் இறங்காது. அடையோடு கேட்டு வாங்குங்கள்.