கான்ஷியஸ்னஸ்: நினைவா, நனவா, உணர்வுநிலையா?

பினாங்கு ஆஸ்பத்திரி வார்டுகளில் இந்தச் சொல் மூன்று மொழிகளில் புழங்கும். டாக்டர் 'கான்ஷியஸ்' என்பார், மலாய்த் தாதி 'சுடா செடார்' என்பார், தமிழ்த் தாதியோ "அப்பாவுக்கு நினைவு வந்திடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். நோயாளி கண் திறக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார். இவற்றைப் பார்த்து மதிப்பெண் போடும் கிளாஸ்கோ அளவுகோல் 1974இல் வந்தது. குறைந்த மதிப்பெண் 3, முழு விழிப்புக்கு 15. இந்தப் பொருளுக்கு நினைவு, சுயநினைவு என்ற சொற்களே போதும். புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. லத்தீனில் 'கோன்' என்றால் கூட, 'ஸ்கீரே' என்றால் அறிதல். இந்த வேரிலிருந்துதான் மனசாட்சியைக் குறிக்கும் கான்ஷன்ஸும் வந்தது. (நம் சொல்லிலும் ஒரு சாட்சி கூடவே நிற்கிறார், கவனியுங்கள்.) தன் மனத்தில் நடப்பதைத் தானே உணர்வதுதான் கான்ஷியஸ்னஸ் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் வரையறுத்தார். அறிவியலால் மனத்தை முழுக்க விளக்க முடியுமா என்ற வாக்குவாதம் இந்தப் பொருளைப் பற்றியது.

நாசி கண்டார் கடையில் மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிகிறது. அந்தக் காரப்பொருளைப் பிடிக்கும் நரம்பு ஏற்பியை டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 1997இல் கண்டறிந்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மின்னேற்றம் கொண்ட துகளான அயனி நரம்புக்குள் போகிறது, மின்துடிப்பு மூளைக்குப் போகிறது, எல்லாம் சரி. அந்தத் துடிப்பு எனக்கு எரிச்சலாக ஏன் தெரிய வேண்டும்? இதைத்தான் 1995இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்றார். இந்த அனுபவத்துக்கான நரம்பு அடிப்படை 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக் அவரிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோற்று, ஒரு பெட்டி ஒயின் கொடுத்தார். இதனால் விளக்கவே முடியாது என்று ஆகிவிடவில்லை. கெடு முடிந்தது, அவ்வளவுதான்.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? பிரக்ஞை சமஸ்கிருதத்தில் பேரறிவைக் குறிப்பது. மிளகாய் எரிச்சலுக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. தன்னுணர்வு என்றால் 'நான்' என்ற எண்ணம் வேண்டும். பச்சைக் குழந்தைக்கு அந்த எண்ணம் இல்லாமலே வலிக்கும். உளவியலார் பிடித்துக்கொண்டது நனவு. பழைய, அழகான சொல். கனவில் வரும் காதலனால் உயிர் தரித்திருக்கும் குறள் தலைவி 'நனவினான் நல்கா தவரை' என்றுதான் தொடங்குகிறாள். மன ஓட்டத்தை அப்படியே எழுதும் உத்திக்கு இலக்கியக்காரர்களும் அதிலிருந்து நனவோடை என்ற சொல்லைச் செய்துகொண்டார்கள். ஆனால் நனவு என்றால் விழிப்பு, கனவுக்கு எதிர்ப்பதம். கனவில் கடித்த மிளகாயும் எரியத்தானே செய்கிறது! ஆகவே அந்த எரிச்சலையும் சேர்த்துச் சொல்ல உணர்வுநிலை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம், மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் சொன்ன அன்கான்ஷியஸ், அதாவது நாம் அறியாமல் இயங்கும் மனப்பகுதி, நனவிலி. விபத்தில் மயங்கிக் கிடப்பவர் நினைவிழந்தவர். 'நனவிலி நோயாளி' என்று எழுதிவிடாதீர்கள்.