முள் இருந்தால் ஹாண்ட்கெனினா ஆகிவிடுமா?

ஃபோராமினிஃபெரா என்னும் கடல் நுண்ணுயிரியின் புதைபடிவ ஓடு ஒன்றை அடையாளம் காணச் சொல்லி மறுபடியும் ஒரு படம் வந்திருக்கிறது. நுண்ணோக்கியின் கண்வில்லையில் கைபேசியை ஒட்டவைத்து எடுத்தது, விளிம்பெல்லாம் மங்கல். நான்கைந்து அறைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள். கீழே ஒரே வரி: "ஹாண்ட்கெனினா. ஆகவே இயோசீன். உறுதிசெய்து அனுப்பவும்." அதாவது, ஓடு ஹாண்ட்கெனினா என்ற முள்ளுள்ள பேரினம், ஆகவே பாறை 3.39 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த இயோசீன் காலத்தது என்று. அதே மாதிரியில் வேறு என்னென்ன கிடைத்தன என்று கேட்டு வாங்கிப் பார்த்தால், பட்டியலின் தலையிலேயே குளோபோட்ரங்கானா! கிரிட்டேசியஸ் காலத்தோடு, அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பூண்டற்றுப் போன பேரினம் அது. இயோசீனுக்கே உரியது என்று சொல்ல அந்தப் பட்டியலில் வேறொன்றுகூட இல்லை. படத்தில் இருந்தது ஷாக்கோயினா, கிரிட்டேசியஸ் காலத்து முள்ளுள்ள வேறொரு பேரினம். அறிக்கை அப்படியே போயிருந்தால் பாறையின் வயது ஒன்றரைக் கோடி ஆண்டுகளாவது பிசகியிருக்கும்.

முதல் முறை என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இந்தத் தவறுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: பார்க்க ஒரே மாதிரி இருந்தால் உறவு என்ற நினைப்பு. மீசை ஒத்துப்போகிறது என்பதற்காக இரண்டு பேரை அண்ணன் தம்பி ஆக்குவோமா? ஃபோராமினிஃபெராவில் மட்டும் ஏனோ கூசாமல் ஆக்குகிறோம். இவை ஒற்றை செல் உயிரிகள். ஒரு செல் கட்டும் ஓட்டில் செய்யக்கூடிய மாற்றங்கள் கொஞ்சம்தான்: அறைகளைச் சுருளாக அடுக்கலாம், உப்ப வைக்கலாம், நீட்டலாம், நுனியைக் கூர்மையாக்கலாம். அதனால் ஒரே வடிவம் வெவ்வேறு கிளைகளில், வெவ்வேறு காலங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் திரும்பத் திரும்பத் தோன்றியிருக்கிறது. கிரிட்டேசியஸ் கடலில் ஷாக்கோயினா அறை நுனியில் குழல்முள் வளர்த்தது. அந்தக் காலத்தின் கடைசிக் கட்டத்தில் பிளம்மெரிட்டாவும் வளர்த்தது. ஷாக்கோயினாவுக்கும் பிளம்மெரிட்டாவுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இரண்டுமே அழிந்தன. பிறகு சுமார் இரண்டு கோடி ஆண்டுகள் மிதவை ஃபோராமினிஃபெராவில் குழல்முள் என்ற பேச்சே இல்லை. நடு இயோசீனில்தான் ஹாண்ட்கெனினா வருகிறது. இன்றைய கடலிலும் ஹாஸ்டிஜெரினெல்லா டிஜிடேட்டா நீண்ட அறைகளோடு ஆழத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. இவற்றில் எதுவும் மற்றொன்றின் வாரிசு அல்ல. ஒருகாலத்தில் ஷாக்கோயினாவையும் ஹாண்ட்கெனினாவையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். அந்தப் பழைய வகைப்பாட்டை மேற்கோள் காட்டி என்னிடம் வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

இந்தப் பேரினத்தின் வரலாறே எச்சரிக்கைதான். ஹங்கேரியின் மிக்ஷா ஹாண்ட்கென் 1875-இல் இதன் ஒரு சிற்றினத்தை விவரித்தபோது சைடரோலினா என்ற பேரினத்தில் சேர்த்தார். அது கடலடியில் வாழ்ந்த கூட்டம். அதற்கும் முள் உண்டு. 1924-இல் ஜோசப் குஷ்மன் அலபாமென்சிஸ் சிற்றினத்தை வகைச் சிற்றினமாக (பேரினத்துக்கு அடையாள மாதிரியாக) வைத்து ஹாண்ட்கெனினாவைத் தனிப் பேரினம் ஆக்கினார். அதோடு விட்டார்களா? முள் அறையில் எந்த இடத்தில் முளைக்கிறது, அறைகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பார்த்து ஸ்போரோஹாண்ட்கெனினா, அரகோனெல்லா, ஆப்ளினெல்லா, ஹாண்ட்கெனினெல்லா என்று 1937 முதல் 1950 வரை பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. நிறைய மாதிரிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எல்லைகள் கரைந்தன. இன்று அத்தனையும் ஹாண்ட்கெனினாவுக்குள் அடக்கம். தனியாக நிற்பது கிரிப்ரோஹாண்ட்கெனினா மட்டுமே. அதன் கடைசி அறைகளின் முகப்பில் பல வாய்த்துளைகள் இருக்கும். கடைசி அறை உடைந்துபோன ஓட்டை வைத்துக்கொண்டு "கிரிப்ரோ" என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல?

மூதாதை விஷயத்திலும் இதே கதை. ஹாண்ட்கெனினா தட்டையான ஒரே தளச் சுருள், முள்ளில்லாத சூடோஹாஸ்டிஜெரினா என்ற பேரினமும் அப்படியே. ஆகவே இது அதிலிருந்துதான் வந்தது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2003-இல் ஹெலன் காக்ஸாலும் சக ஆய்வாளர்களும் ஆஸ்திரியப் பாறைகளில் கிடைத்தவற்றை வைத்து, மூதாதை கிளாவிஜெரினெல்லா என்று காட்டினார்கள். நீண்டு, நுனி பருத்த அறைகளைக் கொண்டது அது. 2014-இல் பால் பியர்சனும் காக்ஸாலும் தான்சானியாவில் கிடைத்த ஓடுகளில் இடைப்பட்ட வடிவங்களையே வரிசைப்படுத்தினார்கள்: பருத்த நுனி படிப்படியாக ஒடுங்கி முள்ளாகிறது. ஒற்றை ஓட்டைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. வரிசைதான் சாட்சி.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் சுவர். பிறகு சுருள். பிறகு வாய்த்துளை. முள் கடைசியில். முள்ளைப் பார்க்கும்போதும் அது எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். மற்ற பல மிதவை இனங்களின் முள் சுவரில் பதிந்த மெல்லிய கால்சைட் ஊசி. உதிர்ந்தால் சிறு துளை மிஞ்சும். ஹாண்ட்கெனினாவுடையது அறையின் சுவரே நீண்டு உருவான உள்ளீடற்ற குழல். உடைந்தால் அடிக்கட்டை மிஞ்சும். இந்த அடிக்கட்டையைக் கவனிக்காமல் "முள் இல்லை, சூடோஹாஸ்டிஜெரினா" என்று எழுதுவது எதிர்ப்பக்கத் தவறு. விளைவு சாதாரணமில்லை. 3.39 கோடி ஆண்டுகளுக்கு முன் ஹாண்ட்கெனினா மறைந்த மட்டம்தான் இயோசீனுக்கும் ஒலிகோசீனுக்கும் எல்லை. அதன் சர்வதேச அடையாள இடம் இத்தாலியின் மசின்யானோ. சூடோஹாஸ்டிஜெரினாவோ அந்த எல்லையைத் தாண்டியும் வாழ்ந்தது. முள் உடைந்த நாலு ஓடுகளைத் தவறாகப் படித்தால் இயோசீன் பாறை ஒலிகோசீன் ஆகிவிடும். இளம் ஓடுகளிலும் கவனம்: ஆரம்ப அறைகளில் முள் வளர்ந்திருக்காது.

(நம்முலைட்ஸ் என்ற, நாணயம் போன்ற பெரிய ஃபோராமினிஃபெராவைப் பார்ப்பவர்களுக்குத் தலைவலி வேறு வகை. ஒரே சிற்றினத்தின் இரண்டு தலைமுறை வடிவங்கள், ஒன்று பெரிது, மற்றது சிறிது, இரண்டு சிற்றினங்களாகப் பெயர் பெற்றுக் கிடந்தன. அங்கே வெளித்தோற்றத்தை நம்பவே வேண்டாம், நடுவில் வெட்டிப் பாருங்கள்.)

பெயர் சரியாக இருந்தாலும் ஓடு அந்தப் பாறைக்குரியதுதானா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பழைய பாறை அரிக்கப்பட்டு, அதன் ஓடுகள் புதிய படிவுக்குள் வந்து சேர்வது சாதாரணம். நிறம் மாறி, தேய்ந்து, மற்றவற்றோடு ஒட்டாமல் கிடக்கும் ஓட்டைச் சந்தேகியுங்கள். ஆழ்துளைத் துகள்களில், அதாவது துளையிடும்போது மேலே வரும் பாறைத் துண்டுகளில், நேர்மாறு: மேல் அடுக்கிலிருந்து சரிந்து கீழே விழுந்தவை கலந்திருக்கும். அதனால்தான் துகள்களில் ஒரு பேரினம் முதன்முதலாகப் பூமியில் தோன்றிய மட்டத்தை நம்புவதில்லை. மேலிருந்து இறங்கும்போது முதலில் தட்டுப்படும் இடத்தை, அதாவது அது மறைந்த மட்டத்தை, எடுத்துக்கொள்கிறோம். வேற்று ஓடு கலக்கும் மூன்றாவது வழி உங்கள் சல்லடை. ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையில் அதைத் தேய்த்துக் கழுவி மெத்திலின் நீலக் கரைசலில் முக்குங்கள். கண்ணியில் சிக்கிய பழைய ஓடு நீலமாகிவிடும், அடுத்த தட்டில் வந்து விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்யாத ஆய்வகத்தின் பட்டியலை நான் பாதி மனதோடுதான் படிப்பேன்.

படத்தைச் செயலியில் போட்டுப் பெயர் வாங்குவது இப்போதைய வழக்கம். அது நீங்கள் கொடுத்த அந்த ஒரு கோணத்தைத்தான் பார்க்கிறது. முள்ளின் அடிப்பகுதியும் வாய்த்துளையும் படத்தில் இல்லையென்றால் அதனால் மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?

தயவுசெய்து இனி அனுப்பும்போது ஒரு ஓட்டுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒன்று, வாய்த்துளை தெரிய விளிம்பிலிருந்து ஒன்று, முள்ளின் அடியை நெருக்கமாக ஒன்று என்று படம் எடுங்கள், அளவுகோலோடு. வாய்ப்பிருந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம். மாதிரி எடுத்த இடம், ஆழம், அது பாறை உருளையா துகளா, கூடக் கிடைத்தவற்றின் முழுப் பட்டியல், எல்லாம் வேண்டும். ஒரே ஒரு ஓடுதான் கிடைத்தது என்றால் அதையும் எழுதுங்கள். பேரினம் உறுதியாகத் தெரியாதபோது பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். உடைந்த ஓடுகளைத் தட்டிலிருந்து ஊதித் தள்ளாதீர்கள். முள்ளின் உள்ளே குழல் இருக்கிறதா என்று அவற்றில்தான் பார்க்க முடியும்.