கேமராவைப் பார்க்காமல் சிரித்தால் கேண்டிட் ஆகிவிடுமா?

முகூர்த்த மாதங்களில் கல்யாணப் போட்டோகிராஃபரான எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே கேள்வியில்தான் தொடங்கும். "சார், ட்ரெடிஷனல் எவ்வளவு, கேண்டிட் எவ்வளவு?" நாங்களும் கொட்டேஷனில் அப்படித்தான் இரண்டு வரியாகப் பிரித்துப் போடுகிறோம். ட்ரெடிஷனல் என்றால் மேடையில் உறவினர்களை வரிசையாக நிறுத்தி ஃப்ளாஷ் அடிப்பவர். கேண்டிட் என்றால் போஸ் கொடுக்கச் சொல்லாமல், தானாக நடப்பதை எடுக்கப் பெரிய லென்ஸோடு ஓரமாக நிற்பவர், ரேட் கூடுதல். இந்தப் பிரிவினையை உண்டாக்கியது எங்கள் தொழில்தான், உங்கள் மேல் குறை இல்லை. ஆனால் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுப்பது நல்லது.

ஆல்பத்தில் கேண்டிட் பக்கங்களில் வரும் படங்களில் பாதிக்கு மேல் போஸ்தான். மணப்பெண் ஜன்னலோரம் நின்று எங்கேயோ பார்த்தபடி கம்மலைச் சரிசெய்வாள். "கேமராவைப் பாக்காதீங்க, அப்படியே வெளியே பாருங்க, கை மெதுவா மேல வரட்டும்" என்று பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். தோழிகள் நாலு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மூன்றாவது டேக்கில் கொஞ்சம் உண்மையாகவே சிரித்திருப்பார்கள். இப்படி எடுப்பதில் தப்பே இல்லை, நானும் எடுக்கிறேன். தானாக நடந்தது என்று சொல்லி விற்பதுதான் இடிக்கிறது.

இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. பாரிஸ் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால், கூட்டம் கடந்து போய்க்கொண்டிருக்க, ஓர் இளம் ஜோடி முத்தமிடும் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்கள் போஸ்டராகவாவது பார்த்திருப்பீர்கள். 1950இல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைக்காக பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ராபர்ட் டுவானோ எடுத்தது. தெருவில் தற்செயலாகக் கிடைத்த கணம் என்றே பல பத்தாண்டுகள் உலகம் நம்பியது. "அது நாங்கள்தான்" என்று ஒரு தம்பதி உரிமை கேட்டு வழக்குப் போட, 1990களின் தொடக்கத்தில் டுவானோ உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. படத்தில் இருந்தவர்கள் நடிப்புப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். நிஜக் காதலர்கள்தான், ஆனால் அவர் கேட்டுக்கொண்டதால் முத்தமிட்டார்கள். விஷயம் தெரிந்த பிறகும் படத்தின் மவுசு குறையவில்லை. எனக்கும் அது பிடித்த படம்தான். பிடித்திருப்பதற்கும் அதை உண்மைச் சம்பவம் என்று நம்புவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது, அவ்வளவே.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். போஸா கேண்டிடா என்ற கேள்வியை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான்.

போஸ் படத்தில் ஆளை வெளிச்சத்துக்குக் கூட்டி வரலாம். கேண்டிடில் அது முடியாது. வெளிச்சம் எங்கே நன்றாக விழுகிறது என்று முதலில் பார்த்து, அங்கே போய் நின்று, ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல கேண்டிட்காரர் மண்டபத்துக்குள் நுழைந்ததும் மனிதர்களைப் பார்க்க மாட்டார். வாசல், ஜன்னல், கிணற்றடி, மாடிப்படி என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாட்டுக் கூடத்தின் பக்கவாட்டு வாசலில் சின்னத் தாத்தா வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் படம் அருமையாக வந்திருந்தால், தாத்தா அங்கே வந்து உட்கார்வதற்கு முன்பே அந்த வாசலை ஒருவர் குறித்து வைத்திருந்தார் என்று அர்த்தம்.

நம் ஊர் வெயிலுக்கென்று சில குணங்கள் உண்டு. இணையத்தில் ஐரோப்பியர்கள் சொல்லித்தரும் பொன் வெளிச்ச நேரத்தை, அதாவது சூரியன் மறைவதற்கு முந்தைய இதமான நேரத்தை நம்பித் திட்டம் போட்டால் ஏமாறுவோம். அங்கே சூரியன் சாய்வாக நிதானமாய் இறங்கும். இங்கே ஏறக்குறைய நேராக இறங்கிவிடும். மாலையில் முகத்துக்கு இதமான வெளிச்சம் கிடைப்பது அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி. அதற்குள் ட்ரோன், புகைக்குண்டு, மூன்று உடை மாற்றம் என்றால் நடக்காது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அந்த வெயிலில் யாரை நிறுத்தினாலும் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் தெரியும். திண்ணை, போர்ட்டிகோ, கோவில் பிராகாரத்து மண்டபம், இவைதான் அப்போது கதி. மர நிழல் பார்க்க நன்றாக இருக்கும். படத்தில் முகமெல்லாம் பொட்டுப் பொட்டாக வெயில் விழுந்து, தோலில் பச்சை ஏறிவிடும். பந்தல் துணியும் அப்படித்தான். சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஷாமியானாவுக்குக் கீழே யாருக்கும் சொந்த நிறம் இருக்காது.

கல்யாணத்தில் இயற்கை வெளிச்சத்துக்கு முதல் எதிரி வீடியோ லைட். விடியற்காலை முகூர்த்தம், கிழக்கு வாசலிலிருந்து மெல்லிய வெளிச்சம், ஹோமப் புகை அதில் கரைந்து போகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த நேரத்தில் தலைக்கு மேல் ஓர் எல்ஈடி பேனல் எரியும். முகத்தில் ஒரு பாதி நீலம், மறுபாதி மஞ்சள். எந்தச் சாப்ட்வேரும் அதை முழுசாகச் சரிசெய்யாது. கேண்டிட் வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுப்பவர்கள் வீடியோக்காரரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தாலி கட்டும்போது லைட் வேண்டும் என்று அவர் கேட்டால் அது நியாயம். மாலை மாற்றுவதற்கும் ஊஞ்சலுக்கும் தேவையா என்று கேளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, போஸ் கொடுத்த படம்தான் எனக்கு இப்போது அதிகம் பிடிக்கிறது என்றால் நம்புவீர்களா?

எந்த ஊரிலும் ஒரு பாட்டியிடம் "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "இருப்பா" என்று உள்ளே போவார். முகம் கழுவி, திருநீறு பூசி, நல்ல சேலை ஒன்று மாற்றி, தலையைப் படிய வாரிக்கொண்டு வருவார். நாற்காலியில் முதுகு நிமிர உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, லென்ஸை நேராகப் பார்ப்பார். சிரிக்க மாட்டார். கூட வந்த பேரப்பிள்ளை உடனே "பாட்டி, நார்மலா இரு" என்பான். அந்தப் பையனைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிடுவது என் வழக்கம். தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் அசந்த நேரத்தில், வாய் திறந்தபடி கீரை ஆய்கையில் எடுத்தால்தான் கலை என்று நாம் எப்போது முடிவு கட்டினோம்?

இன்னொன்றும் உண்டு. பெரியவர்களே அதை வெளிப்படையாகச் சொல்வார்கள்: "நாளைக்கு மாட்டுறதுக்கு நல்லதா ஒண்ணு எடு." வீட்டில் ஒருவர் போன அன்று ராத்திரி, குடும்பமே போன்களைத் துழாவி, யாரோ ஒருவர் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கி, கழுத்தில் பாதி வேறொருவர் கையோடு ஃபிரேம் போடுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். உங்கள் அப்பா அம்மாவுக்குத் தனித்தனியாக ஒரு நேர் படம் இருக்கிறதா? இதற்கு எங்களைக் கூப்பிட வேண்டியதில்லை, கையிலுள்ள போனே போதும்.

காலை எட்டு, ஒன்பது மணிக்கு, நேர் வெயில் விழாத ஜன்னலைப் பாருங்கள். வீட்டு டியூப்லைட்டையும் பல்பையும் முதலில் அணைத்துவிடுங்கள். ஜன்னலிலிருந்து மூன்றடியில் நாற்காலி. முகம் ஜன்னல் பக்கம் பாதி திரும்பியிருக்கட்டும். இருட்டு விழும் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்டுடியோவில் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட நாங்கள் தெர்மாகோல் வைத்துச் செய்யும் வேலை அதேதான். போனை அவர் கண் உயரத்தில் வைத்து, கிட்டே போகாமல் தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடும், அப்பா திட்டுவார். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். அம்மாவின் தலைப் பூவில் பாதியை அது பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். பிறகு அவர் எப்படி உட்கார விரும்புகிறாரோ அப்படியே உட்காரட்டும். எடுத்து முடித்துவிட்டோம் என்று போனைத் தாழ்த்துவீர்கள் அல்லவா, அப்போது தோள் சற்றுத் தளரும். அதையும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். போஸும் கேண்டிடும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான்.

நல்ல கேமரா வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு சின்னக் கணக்கு. 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8இல் (துளையை நன்றாகத் திறந்து) வைத்து இரண்டு மீட்டரில் ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) எடுத்தால், தெளிவாக இருப்பது மொத்தம் ஆறு சென்டிமீட்டர் ஆழம். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அது சரி. ஓடும் குழந்தைக்கும் சிரித்துக் குலுங்கும் மாமாவுக்கும் துளையைச் சுருக்கி எஃப் 4, ஷட்டர் வேகம் 1/500 நொடி என்று வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) ஏறினால் ஏறட்டும் என்று விடுங்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தை யாரும் குறை சொன்னதில்லை, கலங்கிய கண்ணைச் சொல்வார்கள்.

கேண்டிடில் நான் கண்டிப்பாக இருக்கும் இடம் சம்மதம். 1984இல் பாகிஸ்தானின் நாசிர் பாக் அகதி முகாமில், பள்ளிக்கூடமாக இருந்த கூடாரத்தின் மென்மையான வெளிச்சத்தில், அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி ஓர் ஆப்கன் சிறுமியை எடுத்தார். அடுத்த ஆண்டு நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த அந்தப் பச்சைக் கண்கள் உலகத்துக்கே தெரியும். அவள் பெயர் ஷர்பத் குலா என்பது 2002இல்தான் தெரிய வந்தது. அதுவரை அந்தப் படத்தை ஷர்பத் பார்த்ததே இல்லை. லென்ஸை நேராகப் பார்த்த முகத்துக்கே இந்தக் கதி என்றால், பார்க்காமலே அகப்பட்ட முகங்களைப் பற்றி யோசியுங்கள்.

நம் கல்யாணங்களில் இது மணப்பெண் அறையில் தொடங்குகிறது. அலங்காரம் செய்யும் படம் வேண்டும் என்று கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். உள்ளே அத்தையும் சித்தியும் சேலை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பெண்ணிடம் வாங்கிய சம்மதம் அவர்களுக்குச் செல்லாது. இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் அல்ல. தனிமையை எதிர்பார்க்கும் இடத்தில் ஒரு பெண்ணின் அந்தரங்கமான கணத்தை அவர் அறியாமல் எடுப்பது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். சம்மதமில்லாமல் அந்தரங்கத்தைப் படமெடுப்பதற்கு எதிரான, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவும் இருக்கிறது. மணப்பெண் உடுத்தித் தயாரான பிறகு, அறையில் யார் யார் இருக்கலாம் என்று அவரே சொன்ன பிறகு உள்ளே போகிறவர்தான் தொழில் தெரிந்தவர். குழந்தைகள் படத்துக்குப் பெற்றோரிடம் கேட்பதும், இன்ஸ்டாகிராமில் எந்தப் படம் போகும் என்று எழுதி வாங்குவதும் இதே கணக்குதான்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், போட்டோகிராஃபர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருக்கும் இருபது அழகான படங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே கல்யாணத்தின் முழு செட்டையும், அந்தக் குடும்பம் காட்ட அனுமதித்த ஒன்றை, பார்க்கக் கேளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் வெளியே எடுத்தவை எப்படி இருக்கின்றன? வெள்ளை வேட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் கறுத்த முகம் கருகிப் போயிருக்கிறதா, அல்லது அதற்குப் பயந்து தேய்த்துத் தேய்த்து வெளுக்கப்பட்டிருக்கிறதா? மாநிறத்துப் பெண் ஆல்பத்தில் ரோஜா நிறமாகியிருந்தால், அங்கே வெளிச்சம் பார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர் செய்திருக்கிறார். உங்கள் வீட்டுப் பெண்ணையும் அப்படி ஆக்குவார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.