கொப்புளம் போட்ட கோர்ட்டும் அபுதாபி போட்டோவும்

போன வாரம் குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பின்முற்றத்தில் நீலமும் பச்சையுமாக ஒரு பேட்மிண்டன் கோர்ட். போட்டு பதினான்கு மாதம்தான் ஆகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் காலண்டர் படம் மாதிரி இருக்கிறது. குனிந்து பார்த்தால் தரை முழுக்கக் கொப்புளம், சிலது பப்படம் அளவுக்கு. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தோல் கிழிந்து தண்ணீர் கசிந்தது. மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மேலே எங்கும் ஈரமில்லை.

வீட்டுக்காரர் அபுதாபியிலிருந்து வீடியோ காலில் வந்தார். “சாரே, இங்க நாங்க விளையாடுற கோர்ட்லயும் இதே பெயிண்ட்தான். இந்த வெயில்ல கல்லு மாதிரி நிக்குது. நம்ம ஊரு வெயில் அதில பாதி கூட கிடையாதே?”

இந்த வருஷம் இந்தக் கேள்வி எனக்கு வருவது மூன்றாவது முறை. போனில் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். பிக்கிள்பால் (மட்டையால் துளைப் பந்தை அடித்து ஆடும் ஆட்டம்) வந்த பிறகு வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு கோர்ட் வேண்டும் என்ற ஆசை கூடிவிட்டது. நல்ல ஆசைதான். பேட்மிண்டனுக்கும் பிக்கிள்பாலுக்கும் கோடு ஒரே அளவு, 44க்கு 20 அடி. ஒரே தளத்தில் இரண்டையும் ஆடலாம். ஆனால் போட்டோவை அனுப்பி “இதே மாதிரி” என்று கேட்கும்போதுதான் எனக்கு வயிறு கலங்குகிறது. நானும் எட்டு வருஷம் அங்கே தளம் போட்டவன். அந்தப் போட்டோவில் தெரியாத விஷயம்தான் அந்தக் கோர்ட்டைத் தாங்குகிறது.

பாலைவனத்தில் வெயில் கோர்ட்டைக் கெடுப்பது பெரும்பாலும் கான்கிரீட் போடும் அன்றைக்குத்தான். கான்கிரீட் இறுகும் முன்பே மேல்தண்ணீரைச் சூடும் காற்றும் உறிஞ்சிவிடும், சிலந்தி வலை போல வெடிப்பு விழும். அதனால் அங்கே ராத்திரியில் போடுவார்கள், கலவைத் தண்ணீரில் ஐஸ் சேர்ப்பார்கள். எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 வரை வெயிலில் ஆளை நிறுத்தி வேலை வாங்கவே தடை. அப்புறம் தளம் நீளும், சுருங்கும். 30 மீட்டர் தளம் 30 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீளும். அதற்குத் தளத்தில் ஜாயிண்ட், அதாவது இடைவெளி, விட்டிருப்பார்கள். கடுநிறம் அடித்தால் மத்தியானம் வெறுங்காலை வைக்க முடியாது என்பதால் வெளிர்நிறமாகப் பார்த்து எடுப்பார்கள். தூசியைத் துப்புரவாக ஊதி எடுக்காமல் பெயிண்டைத் தொட விடமாட்டார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய பயம் அங்கே சப்கா மண். கடலோர உப்புத்தரை. அடியில் கொஞ்ச ஆழத்திலேயே கடல்நீரை விட உப்பான தண்ணீர் நிற்கும், திரி எண்ணெயை இழுப்பது போல மேலே ஏறிவரும். அந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, நல்ல நிரப்பு போட்டு உருட்டி, அதன்மேல் கனமான பாலித்தீன் விரித்து, அதற்கு மேல்தான் கான்கிரீட் போடுவோம். மழையே இல்லாத ஊரிலும் அடித்தண்ணீருக்கு அவ்வளவு பயம்.

நம்ம ஊரில் வெயில் குறைவு, சரி. தண்ணீர்? துபாயில் வருஷம் முழுக்கப் பெய்வது சராசரியாக 100 மில்லிமீட்டருக்கும் கீழே. ஐப்பசியில் ஒரே ராத்திரியில் அதைத் தாண்டிப் பெய்வதை நாம் பார்த்திருக்கிறோம். ஜூனில் தொடங்கும் தென்மேற்கும் நமக்கு உண்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கும் உண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கம் மண் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. பாலைவனத்திலும் ஒரு நாள் சோதனை வரத்தான் செய்தது. 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியது. அவர்களுக்கு அது 75 வருஷத்தில் இல்லாத மழை. நமக்கு மழை வருஷா வருஷம் இரண்டு தடவை முறை வைத்து வருகிறது.

கருங்கல் வீட்டுக்கே வருகிறேன். அது பழைய வயல். நான்கடி உயரத்துக்கு டிப்பரில் செம்மண் கொட்டி, ஜேசிபியை மேலே நாலு தடவை ஓட்டி, அடுத்த மாதமே கான்கிரீட். இரண்டு தென்னை தள்ளி சானல், பாசனக் கால்வாய். பாலித்தீன் விரிக்கவில்லை, ஜாயிண்ட் வெட்டவில்லை. தளம் போட்ட பன்னிரண்டாம் நாள் பெயிண்ட், ஏனென்றால் ஊர்த் திருவிழாவுக்கு அவர் லீவில் வருகிறார். அடியிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் பெயிண்டைத் தூக்கியதுதான் அந்தக் கொப்புளம். ஒரு ரூபாய் நாணயத்தால் மூலைகளைத் தட்டிப் பார்த்தேன். வடமேற்கு மூலையில் சத்தம் வெறும் பானை மாதிரி கேட்டது. அங்கே மண் கீழே இறங்கிவிட்டது, தளம் அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த மழைக்கு அந்த மூலை உடையும்.

இதைச் சொன்னதும் அவர் கேட்டது, “சிமெண்ட கொஞ்சம் கூட்டிப் போட்டிருந்தா நின்னிருக்குமோ?”

இல்லவே இல்லை. எங்கே போனாலும் இந்த ஒரு பேச்சுதான். சிமெண்ட் கூடினால் பலம் கூடும், பலம் கூடினால் வெடிக்காது என்று நினைக்கிறார்கள். தளம் வெடிப்பது பலம் குறைந்ததால் மட்டுமல்ல, சுருங்குவதாலும்தான். சிமெண்ட் கூடினால் அதற்கேற்பத் தண்ணீரும் கூடும், இறுகும்போது சூடும் கூடும், சுருக்கமும் கூடும், வெடிப்பு முன்னைவிட அதிகமாக விழும். மூன்று மூட்டை அதிகம் போட்டுக் காசு கொடுத்து வெடிப்பு வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். இதோடு “லூசா இருந்தாத்தான் சாரே ஓடும்” என்று கொத்தனார் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். கடைசியில் பளபளப்புக்காக மேலே வெறும் சிமெண்டைத் தூவிக் கரண்டியால் தேய்ப்பார். அந்தப் பளபளப்பில் பெயிண்ட் பிடிக்காது, தோல் மாதிரி உரிந்து வரும். மணியாசக் கட்டையால் மட்டம் பார்த்து, இறுகத் தொடங்கும்போது வாரியலால் ஒரே திசையில் லேசாக இழுத்து விடுங்கள், போதும். தளத்துக்கு ஒரு சொரசொரப்பு வேண்டும். வழுக்குகிற மாதிரி போட்டுத் தந்தால் நல்ல கொத்தனார் என்று பெயர் வாங்கலாம், கோர்ட்டில் கால் உடையும்.

சரி, போட நினைப்பவர்களுக்கு. நிரப்பிய வயலாக இருந்தால் மண்ணை அரையடி, முக்காலடியாகப் பரப்பி, நனைத்து, ரோலர் விட்டு ஏற்றுங்கள். முடிந்தால் ஒரு மழைக்காலம் அப்படியே கிடக்கட்டும். இறங்க வேண்டியது இறங்கிவிடும். அதன்மேல் அரையடி ஜல்லி, பாலித்தீன், பிறகு கான்கிரீட். மேட்டுப் பக்கம் ஒரு ஓடை வெட்டி, வரும் தண்ணீரைத் தளத்துக்கு அடியில் போகவிடாமல் திருப்புங்கள். இந்த ஓடைக்குச் செலவழிக்க யாருக்கும் மனசு வராது. கோர்ட்டைக் காப்பாற்றுவதில் பாதி அதுதான்.

சரிவு 10 அடிக்கு ஒரு அங்குலம், ஒரே பக்கமாக. நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் இறக்கினால் நெட்டின் உயரம் ஆட்டம் காட்டும். கோட்டுக்கு வெளியே விடும் இடமும் சேர்த்துத் தளம் 30 அடி அகலம் என்றால் மூன்று அங்குலம் வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆட்டத்திலும் தெரியாது. பெயிண்டுக்கு முன்னால் தளம் முழுக்கத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எங்காவது ஒரு நாணயம் மூழ்கும் அளவுக்குத் தேங்கினால் அந்த இடத்தைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த வேலை.

ஜாயிண்டுக்கு 10, 12 அடிக்கு ஒரு வெட்டு, தளத்தின் கனத்தில் கால்பங்கு ஆழம், அன்றைக்கே அல்லது மறுநாள் காலைக்குள். நெட்டுக்கு நேர் கீழே ஒன்று வருமாறு முன்பே கணக்குப் போட்டால் ஆட்டத்துக்குத் தொந்தரவில்லை. நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட். அதற்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பின் படி குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். காலையும் மாலையும் ஓஸ் பிடிப்பதை நான் சேர்க்கமாட்டேன். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், இல்லையென்றால் ஈரச்சாக்கு போடுங்கள்.

பெயிண்ட் 28 நாளுக்குப் பிறகு. அதற்கு முன் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பாலித்தீன் துண்டை வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டித் தளத்தில் விடுங்கள். மறுநாள், 16 மணி நேரம் கழித்து, பிரித்துப் பாருங்கள். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீரோ, தளத்தில் கருத்த தடமோ இருந்தால் பெயிண்ட் டப்பாவை மூடி வையுங்கள். உங்கள் லீவு முடிந்தாலும் பரவாயில்லை.

குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் கம்பி போட்ட தளம் என்றால் கான்கிரீட்டின் பலத் தரம் எம்30க்குக் கீழே போகாதீர்கள், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கட்டும். கடல்மணலைத் தொடவே தொடாதீர்கள்.

நம் மாவட்டத்தில் பாலைவனப் பாடம் அப்படியே பொருந்தும் இடம் ஆரல்வாய்மொழிதான். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அதே ஆனி, ஆடிக் காற்று உங்கள் ஈரத் தளத்தை ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடும். அங்கே மட்டும் அபுதாபியில் தளம் போடுகிறவர்கள் மாதிரி செய்யுங்கள், சாயங்காலம் தொடங்கி, காற்றுப் பக்கம் தார்ப்பாய் கட்டி.

கருங்கல்காரர் கடைசியாக, “மேல இன்னொரு கோட் பெயிண்ட் அடிச்சிரலாமா சாரே?” என்றார். இருக்கிற பெயிண்டைச் சுரண்டி எடுக்காமல், சானல் பக்கம் ஓடை வெட்டாமல், அந்த மூலையை உடைத்து மறுபடி நிரப்பாமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் செய்தாலும் பாலித்தீன் இல்லாத தளத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஒரு கோடை முழுக்கப் பெயிண்ட் இல்லாமல் காயவிட்டு, பாலித்தீன் துண்டு ஒட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

அவருடைய அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். “அது வரைக்கும் நல்லமிளகு காயப்போடலாம் இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். தென்கிழக்கு மூலையில் ஏற்கெனவே ஒரு பாய் விரித்திருந்தது.